மனு கொடுக்கும் நாளிலேயே சின்னம் வேண்டும்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு சுயேச்சையின் மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் சக ஆணையர்களுக்கும் வணக்கம்.

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்றவன் நான். டெபாசிட் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் பணம் திரும்பாது என்று தெரிந்துதான் பத்தாயிரத்தைக் கட்டினேன். மறுபடியும் நிற்கப் போகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு கோரிக்கை: சுயேச்சைகளுக்கு மனு கொடுக்கும் நாளிலேயே சின்னத்தை ஒதுக்கி வையுங்கள்.

அந்தத் தேர்தலின் அட்டவணை உங்களுடையதுதான். மார்ச் 12 மனுத்தாக்கல் தொடக்கம், 19 கடைசி நாள், 20 பரிசீலனை, 22 வாபஸ். 22ஆம் தேதி பிற்பகல் மூன்று மணி தாண்டிய பிறகுதான் எங்களுக்குச் சின்னம் என்ற பேச்சே எழும். ஏப்ரல் 4 மாலையோடு பிரச்சாரம் முடிந்துவிடும். உதயசூரியனும் இரட்டை இலையும் தலைமுறை தலைமுறையாகச் சுவரில் இருக்கும் ஊரில், எனக்குக் கிடைத்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு.

சின்னம் கையில் இல்லாமல் ஓட்டுக் கேட்டுப் போயிருக்கிறீர்களா? போயிருக்க மாட்டீர்கள். ஒரு காலனியில் வயதான அம்மா ஒருவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ரேஷன் கடை, குடிதண்ணீர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "சரி சாமி, எதுல குத்தணும்?" என்றார். "சின்னம் இன்னும் குடுக்கலைங்கம்மா, 22ஆம் தேதிதான்" என்றேன். "அப்ப அன்னைக்கே வந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நியாயமான பேச்சு. ஆனால் அத்தனை ஊர்களுக்கும் இரண்டாவது முறை போக என்னிடம் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை, நாளும் இல்லை. அந்தக் காலனிக்கு நான் திரும்பப் போகவே முடியவில்லை.

மனுவில் ஆட்டோ, வைரம், கேஸ் சிலிண்டர் என்று மூன்றைக் கேட்டிருந்தேன். மூன்றுக்கும் போட்டி. குலுக்கலில் மூன்றும் போய், வந்து சேர்ந்தது மின்கம்பம். நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்கு ஓடினால், "கட்சி வேலை ஓடிட்டிருக்குண்ணே, மூணு நாள் ஆகும்" என்றார்கள். அச்சடித்தவர் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இல்லாமல் நோட்டீஸ் போடக்கூடாது என்பது சட்டம், அதனால் வீட்டில் ஜெராக்ஸ் எடுத்தும் சமாளிக்க வழியில்லை. மூன்று நாள் காத்திருந்தேன். அப்புறம் ஓட்டு இயந்திரத்தில் பார்த்தால், என் கம்பம் ஏதோ குச்சி மாதிரி இருந்தது. போகட்டும்.

இந்தக் கஷ்டம் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிடாதீர்கள். அங்கீகாரம் இல்லாத பதிவு பெற்ற கட்சி, மொத்தத் தொகுதிகளில் 5 சதவீதத்தில் ஆள் நிறுத்துவதாக எழுதிக் கொடுத்தால், சட்டமன்றக் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே பொதுச் சின்னம் கேட்கலாம் என்பது உங்கள் 1968ஆம் ஆண்டு சின்னங்கள் ஆணையிலேயே இருக்கிறது. முதலில் கேட்டவருக்கு முதலில் என்ற முறையில்தான் 2024இல் நாம் தமிழர் கட்சியின் கரும்பு விவசாயி சின்னம் வேறு கட்சிக்குக் கைமாறியது. கட்சிக்குச் செல்லுபடியாகும் இந்த வரிசைமுறை, தனி ஆளுக்கு ஏன் செல்லாது? மனுத்தாக்கலின் முதல் நாளே போய் நின்றவனுக்கு, அவன் கேட்ட சின்னத்தை அவன் பெயரில் குறித்து வையுங்கள். மனு தள்ளுபடியானால், வாபஸ் வாங்கினால், எடுத்துக்கொள்ளுங்கள். 2021 கணக்குப்படி பத்து நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

கண்டவனும் நிற்க வந்துவிடுவான் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் உட்பட 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டு புத்தகம் போல ஆனதை நீங்கள் மறக்க மாட்டீர்கள். அந்த விவசாயிகள் எதற்காக அப்படி நின்றார்கள் என்பது மட்டும் யாருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. அதே ஆண்டு டெபாசிட் கூடியது, எங்களுக்கு முன்மொழிபவர்கள் பத்துப் பேர் என்று ஆனது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு இன்றும் ஒருவர் போதும். 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில், சுயேச்சைகள் நிற்கவே கூடாது என்று பரிந்துரைத்தது. முதல் மக்களவைக்கு 37 சுயேச்சைகள் போன நாடு இது. 2024இல் போனவர்கள் ஏழு பேர். தடை போடாமலேயே வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது, கவலை வேண்டாம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய டீக்கும் கணக்கு எழுதினேன், எழுத வேண்டியதுதான். ஹெலிகாப்டரில் வந்திறங்கும் நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் வராது. கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. வாக்காளர் பட்டியலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்குத்தான் இலவசம். ஏழைக் கட்சிகள், பாவம்.

இவற்றில் பலதை நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும் என்பீர்கள். சரி, அது தெரியும். அதனால்தான் அதையெல்லாம் உங்களிடம் கேட்கவில்லை. சின்னங்கள் ஆணை நீங்கள் போட்டது. அதில் பலமுறை திருத்தம் செய்தவர்களும் நீங்கள்தான். இறுதி ஒதுக்கீடு வழக்கம்போல வாபஸ் முடிந்த பிறகே நடக்கட்டும். முன்பதிவுக்கு மட்டும் வழி செய்யுங்கள். ஒதுக்கீடு இல்லாத சின்னங்கள் உங்கள் பட்டியலில் நூற்றுக்கு மேல் சும்மாதான் கிடக்கின்றன.

அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன், மனு கொடுக்கும் நாளிலேயே சுயேச்சைகளுக்குச் சின்னத்தை ஒதுக்கி வைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதைத் தமிழில் எழுதி அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மின்கம்பம் சின்னத்தில் நின்றவன்