ஈர்க்குச்சியால் பிரித்தெடுத்த பக்கங்கள்

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், மன்னார்குடி, முத்துப்பேட்டைப் பக்கத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம்மைப் புரட்டிப் போட்டதை நம்மில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதை எழுதும் இந்த 2018 இறுதியில், விழுந்த தென்னைகள் இன்னும் தோப்புகளிலேயே கிடக்கின்றன. பல தெருக்களுக்கு மின்சாரம் வரவில்லை. இந்த நிலையில், நனைந்துபோன ஐந்து நோட்டுப் புத்தகங்களைக் காப்பாற்றித் தந்ததற்காக ஒருவன் நன்றி மடல் எழுதுவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஈரம் காய்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மனம் துடிக்கிறது.

அந்த நோட்டுகளில் இருந்தவை பன்னிரண்டு சிறுகதைகள். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்துக் காலாட்படையில் சேர்ந்த நான், 1987 அக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தேன். கோடியக்கரைக்கு எதிர்க்கரைதான் அது. நாம் கீற்று என்பதை அங்கே கிடுகு என்பார்கள்; மற்றபடி வேலியும் கிணறும் வாழையும் பேச்சும் நம்முடையவை போலவே இருந்தன. அந்த மண்ணில் நான் துப்பாக்கியோடு நின்றேன். 1990 மார்ச்சில் படை முழுவதுமாகத் திரும்பியபோது ஏறத்தாழ 1,200 வீரர்கள் திரும்பவில்லை. அந்த மண்ணின் மக்கள் இழந்ததைக் கணக்கிட எனக்குத் தகுதியில்லை. அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதைத் தாண்டி ஒரு வரியும் எழுத முடியாமல் போனதால்தான், ஓய்வு பெற்ற பிறகு கதைகளாக எழுதத் தொடங்கினேன். கதை என்றால் வேலிக்கு அந்தப் பக்கமும் நின்று பார்க்கலாம் என்ற ஒரு காரணமும் இருந்தது.

ஓடுகள் பறந்த மறுநாள், டிரங்குப் பெட்டியிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு, நனைந்த மெத்தையோடு சேர்த்து நோட்டுகளையும் குப்பைமேட்டில் போடப் போனேன். கயிறு கேட்டு வந்த அடுத்த தெரு அக்கா அதைப் பார்த்துவிட்டார். அவர் நடவு வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போனதில்லை, அவருடைய கூரை முழுவதுமாகப் போயிருந்தது. “நெல்லு நனைஞ்சா முளைச்சுப் போயிடும் தம்பி, எழுத்து முளைக்கவா போவுது? கொண்டா, காயவெச்சுப் பாப்போம்” என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் மூன்று நாட்கள் அந்த வேலை நடந்தது. விழுந்து கிடந்த மட்டையிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, அதன் நுனியை ஒட்டிக்கிடந்த தாள்களுக்கு இடையே செலுத்தி, வாயால் ஊதி ஊதி ஒவ்வொன்றாகப் பிரித்தார். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும் என்று நிழலிலேயே பரப்பி, பறக்காமல் இருக்க என் வீட்டு ஓட்டுச்சில்லுகளையே பாரம் வைத்தார். எழுத்தறியாத அவர் ஒரு தாளைக்கூட இடம் மாற்றவில்லை. ஒரு நோட்டுக்கு ஒரு வரிசை, இடமிருந்து வலம், நாற்று நடுவதைப் போல. இடையில் தூறல் விழுந்தபோது, நிவாரண அரிசி வாங்க நின்ற வரிசையை விட்டு அவர் ஓடிவந்ததை நான் பிறகுதான் அறிந்தேன்.

பந்துமுனைப் பேனாவால் எழுதிய பதினொரு கதைகள் பிழைத்தன. மைப்பேனாவால் எழுதிய ஒன்று மட்டும் நீலக் கறையாகிவிட்டது. அதில் என்ன இருந்தது என்று அக்கா கேட்டார். தாகத்தோடு ஒரு முற்றத்துக்குள் நுழைந்த சிப்பாய் தமிழில் தண்ணீர் கேட்கிறான். அந்த வீட்டுத் தாய் செம்பில் கொடுத்துவிட்டு அவனைச் சபிக்கிறாள் என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “தண்ணி குடுக்கிறவ ஏச மாட்டா தம்பி. குடிச்சதும் செம்பைக் கவுத்து வெச்சிருப்பா” என்றார்.

நடந்தது அதுதான். அந்தத் தாய் ஒரு சொல்லும் சொல்லாமல் செம்பை வாங்கித் திண்ணையில் கவிழ்த்து வைத்தார். சாபத்தைவிட அது வலித்ததால் நான் மாற்றி எழுதியிருந்தேன். முப்பத்தொரு ஆண்டுகளாக அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்படிக் கவிழ்த்து வைத்த செம்புகளை அக்கா தம் வாழ்நாளில் எத்தனை வாசல்களில் பார்த்திருப்பார் என்பதை அப்போதுதான் நினைத்தேன்.

பள்ளியைத் திறந்துவிட்ட ஆசிரியர், மரம் அறுத்து வழி செய்த இளைஞர்கள், தார்ப்பாய் அனுப்பிய முன்னாள் படைத் தோழர்கள், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இடுப்பளவு சேற்றில் கம்பம் நட்டுக்கொண்டிருக்கும் மின்வாரிய ஊழியர்கள், கூலி வேண்டாமென்று கதைகளைத் தட்டச்சு செய்துவரும் மன்னார்குடித் தங்கை ஆகிய அனைவருக்கும் என் குடும்பத்தின் சார்பில் கைகூப்பிய நன்றி.

அழிந்த அந்தக் கதையை, நடந்தது நடந்தபடியே திரும்ப எழுதுவேன். அச்சுக்குப் போகுமுன் அதை முதலில் கேட்க வேண்டியவர் அக்காதான்.

அக்கா, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. கூரைக்குக் கீற்று வந்து இறங்கும் நாளில் நானும் மகனும் விடிவதற்குள் வந்துவிடுகிறோம். வேய்ந்து முடித்த பிறகு கதையை வாசிக்கிறேன்.