சிமென்ட் தொழிலாளர்களின் கிளப்பை ஒரு கேலிச் சொல்லாகச் சுருக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மெக்சிகோவின் க்ரூஸ் அசூல் கால்பந்து கிளப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் அந்தப் பெயரைப் பார்ப்பதே அபூர்வம் என்பதால் முதல் முறை சந்தோஷமாகப் படித்தேன். இரண்டாவது முறை மனசு கஷ்டப்பட்டது. நான்கு பக்கக் கட்டுரையில் மூன்று பக்கம் அவர்கள் தோற்ற கதை. மிச்சம், அவர்கள் பெயரை வைத்து மெக்சிகோக்காரர்கள் உண்டாக்கிய ‘க்ரூஸ்அசூலேயார்’ என்ற வினைச்சொல். கையில் இருந்த வெற்றியைக் கடைசி நேரத்தில் கோட்டைவிடுவது என்று அதற்குப் பொருள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்கிறோமே, அதேதான். அப்படி ஒரு சொல் இருப்பது உண்மை. அதை மட்டும் சொன்னால் அந்தக் கிளப் யாருடையது என்பதே வாசகர்களுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் க்ரூஸ் அசூலை ‘தலைநகரக் கிளப்’ என்று எழுதியிருக்கிறார். அது மெக்சிகோ சிட்டிக்குக் குடிவந்தது 1971-இல்தான். பிறந்தது இடால்கோ மாநிலத்தில், தூலா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாஸ்ஸோ என்ற சிற்றூரில். அங்கே ஒரு சிமென்ட் ஆலை. அதன் பெயர்தான் க்ரூஸ் அசூல், அதாவது நீலச் சிலுவை. ஆலைத் தொழிலாளர்கள் 1927 மே 22 அன்று தொடங்கிய அணி இது. இன்றும் ரசிகர்கள் இவர்களை ‘சிமென்ட்காரர்கள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இதற்கு நான்கு வருஷம் கழித்து நடந்ததைக் கட்டுரை தொடவே இல்லை. 1931-இல் தொழிலில் இவர்களுக்குப் போட்டியாக இருந்த தோல்தேகா என்ற சிமென்ட் நிறுவனம் இந்த ஆலையை வாங்கியது. நடத்துவதற்காக வாங்கவில்லை, மூடுவதற்காக வாங்கியது. வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் தொழிலாளர்கள் வழக்குக்குப் போனார்கள், போராடினார்கள். அதே ஆண்டு நவம்பர் 2 அன்று ஆலை அவர்கள் கைக்கு வந்தது. அப்போது அவர்கள் 192 பேர். 1934-இல் அது முறையான கூட்டுறவுச் சங்கமாக ஆனது. ஆக, இந்த அணிக்குப் பின்னால் பணக்கார முதலாளி யாரும் இல்லை. சூளைப் பக்கத்திலும் கல்குவாரியிலும் வேலை பார்த்தவர்களே ஆலைக்குச் சொந்தக்காரர்கள், அணிக்கும் சொந்தக்காரர்கள். உலகக் கால்பந்தில் இப்படிப்பட்ட பிறப்பு எத்தனை பெரிய கிளப்புகளுக்கு இருக்கிறது?

1953 டிசம்பர் 10 அன்று கியேர்மோ ஆல்வாரெஸ் மசியாஸ் கூட்டுறவின் பொறுப்புக்கு வந்தார். அவர் காலத்தில் அந்த ஊருக்கு வீடுகள், பள்ளிக்கூடங்கள், மருத்துவமனை, விளையாட்டு வசதிகள் எல்லாம் வந்தன. ஹாஸ்ஸோவில் உள்ள மைதானத்தின் பெயரே ‘டிசம்பர் 10’. அந்த ஊர் அணி 1964-இல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஐந்தே வருஷத்தில், 1968-69 பருவத்தில், ராவுல் கார்தெனாஸ் பயிற்சியில் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. அப்புறம் 1980 வரைக்கும் நிற்கவே இல்லை: 12 வருஷத்துக்குள் 7 லீக் பட்டம். அதில் 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று. 1972 இறுதி ஆட்டத்தில் ‘அமெரிக்கா’ என்ற பெயருள்ள மெக்சிகோ சிட்டி கிளப்பை அதே நகரின் அஸ்தேகா மைதானத்திலேயே 4-1 என்று அடித்தார்கள். ‘வான்நீல இயந்திரம்’ என்ற பட்டப்பெயரைக் கட்டுரையாளர் கிண்டலாக எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்தப் பெயருக்குத் தகுந்த அணி அது. கோல்கீப்பர் மிகேல் மாரின் அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர், ரசிகர்களுக்கு அவர் ‘சூப்பர்மேன்’. ஐந்து லீக் பட்டங்களில் அவர் பங்கு உண்டு. அவர் பெயர்கூட கட்டுரையில் இல்லையே!

அடுத்து ஒரு திருத்தம். ‘1997-க்குப் பிறகு 23 ஆண்டுகள் எந்தக் கோப்பையும் இல்லை’ என்று அச்சாகியிருக்கிறது. லீக் பட்டம்தான் இல்லை. இடையில் 2013-இலும் 2018-இலும் மெக்சிகோ கோப்பை, 2014-இல் வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கிளப்புகளுக்கான கான்ககாஃப் சாம்பியன்ஸ் பட்டம் எல்லாம் வென்றிருக்கிறார்கள். 2001-இல் தென் அமெரிக்கக் கிளப்புகளின் பெரிய போட்டியான கோப்பா லிபர்த்தாதோரெஸ் இறுதிக்குப் போன முதல் மெக்சிகோ அணியும் இவர்கள்தான். இரண்டு ஆட்டம் கொண்ட அந்த இறுதியில் சொந்த மைதானத்தில் 0-1 என்று தோற்றுவிட்டு, அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் அணியின் பொம்போனேரா மைதானத்துக்கே போய் பலென்சியா அடித்த கோலில் 1-0 என்று ஜெயித்தார்கள். பெனால்டியில்தான் கோப்பை கைவிட்டுப் போனது. அதைத் தோல்விப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

1997 லீக் பட்டத்தையும் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். லியோன் அணியோடு இறுதி, அவர்கள் நகரிலேயே இரண்டாவது ஆட்டம், கூடுதல் நேரம், முதலில் கோல் போடுகிறவர்களுக்கே கோப்பை. பெனால்டி பகுதிக்குள் லியோன் கோல்கீப்பர் கோமீஸோ, கார்லோஸ் எர்மோசியோவின் முகத்தில் உதைத்துவிட்டார். முகமெல்லாம் ரத்தம். துடைத்துவிட்டு வரச் சொன்னார் நடுவர். துடைத்துக்கொண்டு வந்து, அந்த முகத்தோடேயே பெனால்டியை அடித்து உள்ளே போட்டார் எர்மோசியோ. க்ரூஸ் அசூல் ரசிகர் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். அன்றைய அணியின் கேப்டன் ஹுவான் ரெய்னோசோ, பெரு நாட்டுக்காரர். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தோல்விகளுக்கு வருகிறேன், மறைக்க விரும்பவில்லை. 1999 முதல் 2018 வரை ஆறு லீக் இறுதிகளில் தோற்றார்கள். அதில் 2013 மே 26 அன்று நடந்ததை நான் நேரலையில் பார்த்தேன். இங்கே திங்கள்கிழமை காலை. முதல் ஆட்டத்தில் 1-0, இரண்டாவதில் தியோ குத்தியெரெஸ் போட்ட கோலும் சேர்ந்து மொத்தம் 2-0. எதிரணி அமெரிக்காவோ 14-வது நிமிடத்திலிருந்து பத்தே பேரோடு ஆடுகிறது. அம்மா இட்லி எடுத்துவைத்துக் கூப்பிடுகிறார், இதோ முடிந்தது வருகிறேன் என்கிறேன். 89-வது நிமிடத்தில் மொஸ்கேரா தலையால் ஒரு கோல். அப்புறம் கடைசிக் கார்னர். அமெரிக்காவின் கோல்கீப்பர் மொய்சேஸ் முனியோஸ் தன் கோலை விட்டுவிட்டு ஓடிவந்து, பாய்ந்து தலையால் முட்டினார். பந்து ஒரு க்ரூஸ் அசூல் வீரர் மேல் பட்டுத் திரும்பி உள்ளே போனது. பிறகு பெனால்டியில் 4-2. க்ரூஸ் அசூல் கோலில் நின்றிருந்த ஹெசூஸ் கொரோனாவின் முகம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்த இட்லியை நான் சாப்பிடவே இல்லை.

2020 டிசம்பரில் இன்னும் மோசம். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பூமாஸ் அணியை 4-0 என்று அடித்தவர்கள், மூன்று நாள் கழித்து அதே 4-0 கணக்கில் தோற்று வெளியேறினார்கள். அந்தக் கேலிச் சொல் உலகம் முழுக்கப் பரவியது அப்போதுதான்.

உங்கள் கட்டுரை ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடுகிறது, 2021-க்கு ஒரே வாக்கியம். அந்த ஜனவரியில் பயிற்சியாளராக வந்தவர் யார் தெரியுமா? 1997-இல் கேப்டனாக இருந்த அதே ரெய்னோசோ. ஐந்தே மாதம். மே 30 அன்று அஸ்தேகாவில், சாந்தோஸ் லகூனாவுக்கு எதிரான லீக் இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், முதலில் சாந்தோஸ்தான் கோல் போட்டது. மறுபடியுமா என்று வயிறு கலங்கியது. 51-வது நிமிடத்தில் ஹொனாத்தான் ரோத்ரிகெஸ் திருப்பிப் போட்டார். முதல் ஆட்டத்தின் 1-0 வெற்றியும் சேர்ந்து மொத்தக் கணக்கு 2-1. கோப்பையைத் தூக்கிய கேப்டன் கொரோனா, 2009, 2013, 2018 இறுதிகளில் தோற்ற பிறகும் கிளப்பை விட்டுப் போகாதவர். அப்போது அவருக்கு 40 வயது. கடைசி விசில் ஊதியதும் நான் அழுதுவிட்டேன். மேசையில் தட்டு இருந்தது, அன்றைக்குச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகும் 2025 ஜூன் 1 அன்று வான்கூவர் ஒயிட்கேப்ஸை 5-0 என்று வென்று கான்ககாஃப் சாம்பியன்ஸ் பட்டத்தை ஏழாவது முறையாக எடுத்தார்கள். இறுதிப் போட்டியில் 5-0! கட்டுரை இதையும் சொல்லவில்லை.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விறுவிறுப்பாக எழுதுகிறார், ஆட்டத்தை ரசிக்கத் தெரிந்தவர். அவரையே இன்னொரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். இந்த முறை இறுதிப் போட்டிகளை விட்டுவிட்டு ஹாஸ்ஸோவிலிருந்து தொடங்கட்டும். அந்த ‘டிசம்பர் 10’ மைதானத்தின் படம் ஒன்றையும் தேடிப் போடுங்கள். அஸ்தேகா படம் எல்லோரும் பார்த்ததுதான்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்