சோழனைப் பாதியில் பிடுங்கிக்கொள்ளும் ஆட்டம்

அன்புள்ள சரவணா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு எங்களுக்கும் செய்தி சொல்கிறார். உன்னை விசாரித்தார், பொங்கலுக்காவது கடலூர் பக்கம் எட்டிப் பார்க்கச் சொன்னார். தம்பிக்கு நெய்வேலியில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாட்டைப் பழங்காலத்திலிருந்து வளர்த்து ஆளும் கம்ப்யூட்டர் ஆட்டமான சிவிலைசேஷனின் ஏழாம் பாகத்தை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். 2025 பிப்ரவரியில் வந்த ஆட்டம், 70 டாலர், சும்மா வாங்கிப் போட்டுவிட முடியாது. நான் நிறையவே ஆடிவிட்டேன், அதனால் மனசில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு ஆறாத விஷயம். இதில் ஆட்டத்தை மூன்று யுகமாக வெட்டிவிட்டார்கள்: பழங்காலம், கடற்பயணக் காலம், நவீன காலம். யுகம் மாறும்போது நீ ஆண்ட நாடே மாறிவிடும், தலைவர் மட்டும் அப்படியே இருப்பார். சோழர்களை ஆட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டதும் நீ எவ்வளவு குதித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவர்கள் வருவது நடு யுகத்தில் மட்டும். முதல் யுகத்தில் இந்தியா என்றால் மௌரியர், கடைசியில் முகலாயர். அசோகரின் கல்வெட்டிலேயே, அதுவும் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில், எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் என்று சோழர், பாண்டியர் பெயர் வருகிறதே! மௌரியர் முடிந்த பிறகு முளைத்தவர்களா சோழர்கள்? பழங்கால யுகத்தில் ஆழ்கடலைத் தாண்டவும் முடியாது. நம் ஊரிலிருந்து பாண்டிச்சேரி போகிற வழியில் இருக்கிற அரிக்கமேட்டில் ரோமானியர்களின் மது ஜாடிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், அந்தக் கரையில் ஆடுகிற நமக்கு இது எப்படி ஒத்துப்போகும், சொல்லு.

இதைச் சொன்னாலும், சோழர்களைச் செய்திருக்கிற விதம் அருமைடா. கலம் என்று தனிக் கப்பல். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று பழைய வணிகக் குழுக்களின் பெயரில் இரண்டு கட்டடம், இரண்டையும் வரைபடத்தில் ஒரே கட்டத்தில் கட்டினால் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் வளாகம் ஆகிவிடும். யாரோ உட்கார்ந்து நம் கல்வெட்டுகளைப் படித்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலும் உண்டு. இத்தனையும் கொடுத்துவிட்டு, கடற்படை முழு பலத்துக்கு வந்து 1025-இல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்துக்குப் போனதுபோல நாமும் கிளம்பலாம் என்று கப்பல்களை வரிசை கட்டும் நேரத்தில் யுகம் முடிந்து, நடந்துகொண்டிருந்த போர் நின்று, தலைநகரைத் தவிர மற்ற நகரங்கள் எல்லாம் மறுபடி சிற்றூராகிவிடும். அந்தத் திரை வரும்போது எனக்கு வயிறு எரியும். படையை இருந்த இடத்திலேயே நிறுத்திவைக்கும் வசதி பிற்பாடு அப்டேட்டில் வந்தது, பரவாயில்லை, ஆனால் நாடு மாறுவதற்கு அது மருந்தாகாது. ஒரே நாட்டைக் கடைசி வரை ஆள்வதற்கு வழி செய்யப் பார்க்கிறோம் என்று ஆட்டத்தை உருவாக்கிய ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

முன்னேற்றமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஐந்தாம் பாகத்திலிருந்து ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்று ஆனபிறகு, ஒரு கணவாயில் பத்து யூனிட்டை, அதாவது படைப்பிரிவை, ஒவ்வொன்றாகத் தள்ளி நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? இப்போது கமாண்டர் என்று ஒருவர், நாலு யூனிட்டை அவருக்குள் அடக்கி ஒரே நகர்த்தலில் கொண்டுபோய் எதிரி வாசலில் இறக்கலாம். அனுபவமும் அவருக்குத்தான் சேரும், அதனால் ஒரு வில்வீரன் செத்தால் எல்லாம் போச்சு என்கிற கவலை இல்லை. வேலையாட்களை மேய்க்கும் தொல்லையும் ஒழிந்தது, மக்கள்தொகை கூடும்போது கட்டத்தைக் காட்டினால் வயலோ சுரங்கமோ தானாக வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது ஆறுகள். பெரிய ஆறுகளில் கப்பல் உள்ளே வரும், அதனால் முகத்துவாரத்தைப் பிடித்தவன் கையில் உள்நாடும் வந்துவிடும். தேவனாம்பட்டினத்தில் கோட்டையைப் பிடிக்க வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஏன் அப்படி அடித்துக்கொண்டார்கள் என்பது இதை ஆடும்போது நன்றாகவே உறைக்கிறது.

திரையமைப்பு ஆரம்பத்தில் ரொம்ப மோசம். ஒரு கட்டடம் இங்கே ஏன் கூடுதல் பலன் தருகிறது என்று பார்க்க வழியே கிடையாது. ஊருக்குப் பெயர் மாற்ற முடியாது, ஜெயித்தபிறகு தொடர்ந்து ஆட முடியாது, இதெல்லாம் அப்டேட்டில்தான் வந்தது. அதைவிட எனக்கு வலித்தது வேறு: ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி ஆடும் முறை வெளியானபோது இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் வீட்டு மாடியில் நாலாம் பாகத்தை நாம் அப்படித்தானே ஆடினோம், உன் டர்ன் வந்தால் நான் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை விட்டுவிட்டு ஒரு ஆட்டத்தை எப்படி முழுசு என்று வெளியிட மனசு வந்தது?

முடிவாக, இப்போது முழு விலைக்கு வாங்காதே. தள்ளுபடி வரட்டும், ஒரே நாட்டோடு கடைசி வரை ஆடும் வசதியும் கைக்கு வரட்டும். உன் லேப்டாப்பில் ராம் 8 ஜிபி என்றால் குறைந்தபட்சத்துக்குப் போதும், ஆனால் 16 இருந்தால்தான் பரிந்துரைத்த அளவு, அதையும் பார்த்துக்கொள். அதுவரை ஆறாம் பாகத்திலேயே ஆன்லைனில் ஆடலாம், சனிக்கிழமை ராத்திரி உனக்குத் தோதுப்படுமா என்று எழுது.

அன்புடன்,
முரளி
மஞ்சக்குப்பம்