சூடான டயரில் காற்றை இறக்காதே

அன்புள்ள மகளுக்கு,

லிட்டருக்கு 48 கிலோமீட்டர் ஓடிய வண்டி கோடை வந்ததும் 45-க்கு இறங்கிவிட்டது, எல்லாம் வெயிலின் வேலை என்று எழுதியிருந்தாய். பழி முழுவதையும் வெயிலின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லையம்மா.

வெயில் மைலேஜுக்குக் கொஞ்சம் நன்மையும் செய்கிறது. காலையில் இன்ஜின் சீக்கிரம் சூடேறிவிடும். ஆயிலும் இளகி ஓடும். 10 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றைத் தள்ளும் பாடு அந்த அளவுக்கு மிச்சம். என் பழைய கார்புரேட்டர் வண்டி, காற்று லேசானாலும் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காமல் கூடுதலாகக் குடித்தது. உன்னுடையது இன்ஜெக்‌ஷன் வண்டி. சென்சார் பார்த்து அளந்து விடும்.

பெட்ரோல் சூட்டில் விரிவது உண்மைதான். 10 டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம். அதற்காக விடியற்காலையில் எழுந்து பெட்ரோல் பங்குக்கு ஓடாதே. அங்கே தொட்டி நிலத்தடியில் இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. டாங்கை விளிம்புவரை மட்டும் நிரப்பாதே, விரிய இடம் வேண்டும்.

நான் மூன்று முறை படித்தது உன் கடிதத்தின் கடைசி வரியை. "மதியம் டயரில் காற்று கூடியிருந்தது, கொஞ்சம் இறக்கிவிட்டேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். வண்டி வாங்கிய முதல் கோடையில் நானும் இதையேதான் செய்தேன். தொட்டால் கை சுட்டது. வெடித்துவிடுமோ என்று பயந்து வால்வு ஊசியைச் சாவி நுனியால் அழுத்தினேன். உஸ்ஸென்று போன காற்று முகத்தில் வெதுவெதுப்பாக அடித்தது. மறுநாள் காலை வண்டியைத் தள்ளினால் கனத்தது. குனிந்து பார்த்தேன், பின் டயர் தரையோடு பிதுங்கிக் கிடந்தது.

ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் டயரின் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும், ஆறினால் இறங்கும். கம்பெனி கொடுக்கும் அளவு ஆறிய டயருக்கானது. ஓடும்போது ஏறுவதையும் எண்ணித்தான் அதை வைத்திருக்கிறார்கள். காற்று குறைந்த டயர் உருளும்போது அதிகமாக நசுங்கி நிமிரும். பெட்ரோல் அதில் வீணாவதோடு டயரும் இன்னும் சூடாகும். வெடிக்கும் என்று பயந்து இறக்கினால் வெடிக்கத்தான் வழி செய்கிறோம். மூன்று கிலோமீட்டர் குறைந்தது எனக்குப் பெரிதில்லை, அந்த டயரில் நீ நெடுஞ்சாலையில் போவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் காற்றைப் பார். செயின் காய்ந்திருந்தால் எண்ணெய் விடு. நெரிசலில் வெகுநேரம் நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்துவிடு. பிறகு டாங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எவ்வளவு தூரம் ஓடியது என்று எழுது. காலையில் பார்த்த காற்றின் அளவை அதற்கு முன்பே, நாளைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா