கோர்வையும் அச்செய்க்கும்

ரங்கூன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி உனக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான். அதை விடு. பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பர்மாக்காரப் பையன். முகூர்த்தத்துக்கு நம் காஞ்சிப் பட்டு, மாலை விருந்துக்கு அவர்கள் வழக்கப்படி அச்செய்க் (அலை வளைவு போட்ட பர்மியப் பட்டு) லுங்கி என்று பேசி முடித்தாயிற்று. அதை வாங்கத்தான் போன மாதம் அமரபுரா போனேன். மண்டலேக்குப் பக்கத்தில், ஊபெயின் தேக்குப் பாலம் இருக்கிறதே, அதே ஊர்.

தறியைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான். 1964இல் கப்பலேறிப் போனவன் காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் உட்காருவாய் என்று யார் கண்டது!

இங்கே ஒரு தறிக்கு இரண்டு பெண்கள், அக்கம்பக்கமாக. இந்த நெசவுக்கு 'லுன்தயா' என்று பெயர். நூறு நாடா என்று அர்த்தம், குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக்கட்டைதான் நாடா. சும்மா பேச்சுக்கு வைத்த பெயர் இல்லை, அதற்கு மேலும் ஓடுமாம். நீளவாக்கில் கட்டிய பாவின் மேல் சின்னச் சின்ன நாடாக்கள் வரிசையாகக் கிடக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். ஒரு நாடா கொஞ்சம் இழை தாண்டும், பக்கத்து நிறத்தோடு கொக்கி போட்டுக்கொள்ளும், திரும்பிவிடும். அப்புறம் அடுத்த நாடா, அதற்கடுத்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை போய்ச் சேர்ந்தால்தான் ஒரு ஊடை, ஒரு குறுக்கு இழை. அப்படி அடுக்கி அடுக்கித்தான் அந்த அலை வளைவு எழும்புகிறது. குனிந்து பார்க்கப்போய், என் சட்டைக் கை பட்டு ஒரு நாடா கீழே உருண்டது. அந்தப் பெண் திட்டவில்லை, சிரித்தாள். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

நீ கோர்வை பற்றி, சேலை உடலையும் கரையையும் கோர்த்து நெய்வது பற்றி எழுதியிருந்தாயே, மூன்று நாடா, உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, கூட ஒரு ஆள் என்று? அதேதான்ப்பா இது! நீங்கள் சேலைக்கு இரண்டு இடத்தில் கோர்க்கிறீர்கள், இவர்கள் நிறம் மாறும் இடமெல்லாம் கோர்க்கிறார்கள். பர்மியத்தில் 'செய்க்' என்றால் கொக்கி மாட்டுவது. இத்தனை வருஷம் இந்த மொழி பேசியும், அச்செய்க் என்ற பெயருக்குள் அது இருப்பது தறியருகே நின்றபோதுதான் உறைத்தது.

பட்டு நூல் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான். விலையை எழுத மாட்டேன், நீ திட்டுவாய். அச்சடித்த அச்செய்க் கடைக்குக் கடை மலிவாகத் தொங்குகிறது. மருமகள் அதுவே போதும் என்றாள். நான் கேட்கவில்லை.

தறிக்காரி ஒரு மாதிரித் துண்டு கொடுத்தாள். ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். திருப்பிப் பார்த்து, உன் கோர்வைப் பூட்டும் இதுவும் ஒன்றா என்று எழுது. முகூர்த்தச் சேலைக்கு அரக்கா, மாம்பழ மஞ்சளா? அதை உன் வீட்டில் கேட்டுச் சொல், உன் ரசனையை நம்ப முடியாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்