அட்டூ தீவுச் சண்டையைச் சொல்பவர்களுக்கு ஒரு மடல்

இரண்டாம் உலகப் போர் வரலாற்றை எழுதியும் பேசியும் வரும் நண்பர்களுக்கு,

வணக்கம். அலாஸ்காவின் மேற்குக் கோடியில் இருக்கும் அட்டூ தீவுச் சண்டையை நீங்கள் சொல்லும் விதத்தில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை. எப்போதும் 1943 மே 11 அன்று ஜப்பானியரிடமிருந்து தீவை மீட்க அமெரிக்கப் படை கரையிறங்குவதில்தான் தொடங்குகிறீர்கள். மூடுபனி, குளிரில் கால் மரத்துப்போன சிப்பாய்கள், மே 29 அன்று மிச்சமிருந்தவர்களைத் திரட்டிக்கொண்டு ஜப்பானியத் தளபதி கர்னல் யமசாகி பாய்ந்த கடைசித் தாக்குதல், 549 அமெரிக்கர்களும் இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஜப்பானியர்களும் செத்த கணக்கு, அத்தோடு கதை முடிந்தது. கேட்பவர் அதை ஆளில்லாத் தீவு என்றுதான் நினைத்துக்கொள்வார்.

அங்கே ஓர் ஊர் இருந்தது. சிச்சகாஃப் துறைமுகக் கரையில், அலூஷியன் தீவுகளின் பூர்வகுடிகளான உனங்கன் மக்கள் நாற்பது சொச்சம் பேர், ஒரு தேவாலயம், மீன்பிடிப்பு, நரி வேட்டை. காட்டுப்புல்லை நகத்தால் கீறி நூல்போல ஆக்கி அந்த ஊர்ப் பெண்கள் முடைந்த கூடைகள் துணி மாதிரி மெல்லியவை. 1942 ஜூன் 7, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜப்பானியப் படை வந்து இறங்கியது. செப்டம்பரில் ஊர் மொத்தத்தையும் கப்பலேற்றி ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் ஒடாரு நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே களிமண் தோண்டும் வேலை, பசி, காசநோய். போனவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அங்கேயே இறந்துபோனார்கள். நீங்கள் சொல்லும் சண்டையின் முதல் குண்டு வெடித்தபோது இவர்களைத் தீவிலிருந்து கொண்டுபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

சரி, அமெரிக்கா தன் பக்கத்து உனங்கன் மக்களை என்ன செய்தது? அதுவும் உங்கள் கதையில் வருவதில்லை. ஜப்பானியர் கையில் கிடைக்கக் கூடாது என்று அலூஷியன் தீவுகளில் ஒன்றான அட்காவில் இருந்த ஊரை அமெரிக்கக் கடற்படையே கொளுத்தியது. ஒன்பது ஊர்களிலிருந்து 881 பேரை அள்ளிக்கொண்டு போய் அலாஸ்காவின் தென்கிழக்கில், கைவிடப்பட்ட மீன் டப்பா ஆலைகளிலும் பழைய சுரங்கக் கட்டடங்களிலும் அடைத்தார்கள். மரமே இல்லாத தீவில், திறந்த கடலைப் பார்த்து வாழ்ந்தவர்களை வெளிச்சம் புகாத ஈரக் காட்டுக்குள் விட்டார்கள். பத்தில் ஒருவர் செத்தார். 1943 ஆகஸ்டிலேயே அலூஷியன் தீவுகளில் ஒரு ஜப்பானியச் சிப்பாய்கூட மிச்சமில்லை, ஆனாலும் பலரை 1945 வரை அந்த முகாம்களிலேயே வைத்திருந்தார்கள். அதைவிடக் கொடுமை, முகாமில் இருந்தவர்களில், பெரிங் கடலிலுள்ள பிரிபிலாஃப் தீவுகளின் ஆண்களை மட்டும் 1943 கோடையில் திரும்பக் கூட்டிப்போனார்கள். எதற்கென்றால், அரசுக்குக் கடல்நாய்த் தோல் எடுக்க! வேலைக்குப் பாதுகாப்பான தீவு, குடும்பத்தோடு குடியிருக்க மட்டும் ஆபத்தான தீவாம்.

ஒடாருவிலிருந்து உயிரோடு வந்தவர்களையும் அட்டூவுக்குப் போக விடவில்லை. பெரும்பாலோரை அட்காவில் குடியேற்றினார்கள். ஊர் அதோடு போயிற்று. 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, முகாம்களில் இருந்து அதுவரை பிழைத்திருந்தவர்களுக்குத் தலா 12,000 டாலர் கொடுத்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

யமசாகியின் கடைசித் தாக்குதலைச் சொல்லாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிப்பாய்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். ஆனால் 1942 ஜூனிலிருந்து தொடங்குங்கள். வரைபடத்தில் படை நகர்ந்த அம்புக்குறிகளைப் போடும்போது சிச்சகாஃப் ஊரையும் குறியுங்கள், அங்கிருந்து ஒடாருவுக்கும் ஒரு அம்புக்குறி போடுங்கள். ஏற்கெனவே போட்ட பதிவுகள், காணொளிகளின் குறிப்பிலாவது நாலு வரி சேர்த்துவிடுங்கள், அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

அன்புடன்,
உங்களைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகர்