தம்பிக்கு, ரங்கூனிலிருந்து அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ சாப்பிட்டாயா?

உன் குரல் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. அம்மாவிடம் உனக்குப் பரீட்சை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே கரண்ட் இருக்கும் நேரத்தில் உனக்கு வகுப்பு, அதனால்தான் பேச முடியவில்லை என்றும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நீ சமையல் படிக்கிற பாங்காக் நமக்கு அரை மணி முன்னால். நாலரைக்கு நான் கரி அடுப்பு மூட்டும்போது உனக்கு ஐந்து, எழுந்திருப்பாய். ஆறரைக்கு நான் தோசைக்கல் போடும் நேரத்தில் நீ வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வரிசையில் நிற்பாய், நகம் பார்ப்பார்கள், ஷூ பார்ப்பார்கள். இங்கே நான் சாம்பாருக்கு வெங்காயம் உரிக்க உட்காரும்போது, நீ அங்கே கேரட்டை 3 மில்லிமீட்டர் கனத்தில் 5 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குச்சி குச்சியாக நறுக்கிக்கொண்டிருப்பாய். அளவு மாறினால் ஒன்று குழையும், ஒன்று வேகாது என்று உன் ஷெஃப் சொன்னாராமே. தாத்தா அவியலுக்குக் காய் நறுக்கும்போது இதையேதான் சொல்வார், கையில் கரண்டிக் காம்போடு.

மதியம் உனக்கு அரை மணிதான் இடைவேளை. அதையும் கத்தி தீட்டியே போக்குகிறாய் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க வாசனைக்குள் நின்றால் வயிறு நிறைந்த மாதிரித்தான் இருக்கும், ஆனால் அது நிறைவதில்லை. நாற்பது வயதில் அல்சரோடு நான் பட்டது போதும். ராத்திரி அறைக்கு வந்து பாக்கெட் நூடுல்ஸைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டுப் படுக்காதே. ஒரு பிடியானாலும் சோறாகச் சாப்பிடு.

அக்கா கல்யாண விஷயம் கிட்டத்தட்ட முடிவான மாதிரி. அதை அப்புறம் எழுதுகிறேன்.

போன தடவை பேசும்போது கான்ஸொமே என்கிற தெளிந்த சூப்பைப் பற்றிச் சொன்னாயே, எலும்புச் சாற்றில் முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றினால், அது அழுக்கையெல்லாம் பிடித்துக்கொண்டு மேலே மிதந்து வரும், அடியில் சாறு தெளிந்து நிற்கும் என்று. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் ஜாங்கிரிக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டிப் பால் விடுகிறோம் அல்லவா? அழுக்கு நுரையாகத் திரண்டு வரும், வழித்து எறிவோம். அதேதான்! முப்பது வருஷமாகப் பால் விட்டுக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நீ கேட்டுத் தெரிந்துகொண்டாய். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சமைத்ததை வெகுநேரம் வைக்கக் கூடாது என்று நீ சொன்ன பிறகு, கரண்ட் இல்லாத நாளில் மிஞ்சின தேங்காய்ச் சட்னியைக் கொட்டிவிடுகிறேன். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

ருசி பார்க்காமல் சூப்பை மேசைக்கு அனுப்பினாய் என்று மதிப்பெண் குறைத்தார்கள் என்றாய். அது உன் தப்பு இல்லை. சாமிக்குப் படைப்பதற்கு முன் நாக்கில் வைக்கக் கூடாது, உப்பு வாசனையிலேயே தெரியும் என்று ஐந்து வயதில் உன்னைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான். அங்கே அவர்கள் சொல்கிறபடி செய். ஒவ்வொரு தடவையும் புதுக் கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்.

கோபம் என்றால் கோபம் என்று நேராகச் சொல்லிவிடு. தாத்தா மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே. எங்களை என்ன ஏது என்று ஒரு வரி கேட்கக் கூடவா உனக்கு நேரமில்லை?

சரி, சொல்லிவிடுகிறேன். அன்று அத்தை வீட்டில் உன்னோடு பேசிவிட்டு வைத்த போன் அணையாமல் இருந்தது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் என்றேன். நீ கேட்டிருப்பாய்.

தாத்தா இங்கே மொகல் தெருவில், செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் சமைத்தவர். 1964க்குப் பிறகு ஊர்க்காரர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினபோது அவர் ஏறவில்லை, கல்யாணச் சமையலுக்குப் போனார். பத்து வயதில் நானும் கூடப் போவேன். முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும் நாங்கள் ஆக்கிப் போடுவோம், எங்களுக்கு இலை கிடையாது. அடுப்புக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு வீட்டில் என் வகுப்புப் பையன் வந்து பார்த்தான், பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். அடுத்த நாளிலிருந்து அப்பா என்ன வேலை என்று யார் கேட்டாலும் கடை என்றே சொன்னேன். தாத்தாவின் காதிலும் அது விழுந்திருக்கும். அவர் பேசாமல் இருந்தது அதனால்தானோ என்று இந்த மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் வாங்கின அடியை உனக்கும் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்குப் போய்விட்டு அத்தை வீட்டுக்குப் போகிறேன். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்களிடம் நீ என்ன படிக்கிறாய் என்று சொல்லிவிடுவேன். அக்காவிடம் கேட்டுவிட்டேன், சொல்லுங்கள் அப்பா என்றாள்.

சித்திரைக்கு வருவாயா என்று அம்மா கேட்கிறாள். வர வேண்டாம். ஏன் என்று உனக்கே தெரியும், பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம் தெருவில் உன் வயசுப் பையன்கள் கண்ணில் படுவதே இல்லை. வர வேண்டாம் என்பதையும் அன்று நான் சொன்ன பொய்யையும் சேர்த்து நினைத்துக்கொள்ளாதே. உன்னைப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை.

கடிதம் கொண்டு வருகிறவரிடம் அம்மா ஒரு பாட்டில் பலாச்சாங், அதுதான் அந்தக் கருவாட்டு இறால் பொரியல், கொடுத்திருக்கிறாள். சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடு. நின்றுகொண்டு சாப்பிடாதே. உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிடு.

அன்புடன்
அப்பா